படியேறிக் காணும் ஊர்

ஸ்பெயின் தேசத்தை நாம் இரயில்வே வரைபடத்தில் மட்டுமே சுற்றியவர். வேலை முடிந்த மாலைகளில் அதனை விரித்து வைத்துக்கொள்வது நமது வழக்கம். அவ்வாறு கண்ணிற் பட்டதே தெருவேல் என்னும் ஊர். ஒரு மாகாணத்தின் தலைநகராயிருந்தும், அங்கிருந்து மாட்ரிட்டுக்கு நேர் வண்டி கிடையாது. டிக்கட் கொடுக்கும் குமாஸ்தாவுக்கு இஃது உறுத்தாதிருக்குமா?

தென் ஆரகானில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின்மேல் அமைந்தது இவ்வூர். 1171-இல் ஆரகான் மன்னர் இரண்டாம் அல்போன்சோ இதனைக் கைப்பற்றினார். கிறிஸ்தவர் ஆட்சியிலும் தங்கி வாழ்ந்த முஸ்லிம்களை முதேஹார் என்பர். செங்கல், சுண்ணம், மரம் ஆகியவற்றில் கைதேர்ந்த அவர்தம் கலையே தெருவேலின் அழகு. 1316-இல் முடிந்த சான் மார்ட்டின் மணிக்கோபுரத்தைக் கேளுங்கள்: மசூதியின் மினாராவைப் போல, ஒரு கோபுரத்தினுள் மற்றொரு கோபுரம், இரண்டுக்கும் நடுவே படிகள், அடியில் வளைவு, அதனூடே தெரு செல்கிறது. முகப்பெங்கும் பச்சையும் வெண்மையுமான மெருகோடுகள். பெரிய மாதா கோயிலின் மரக்கூரையிலோ அரசரும் வீரரும் மட்டுமன்றி, வேலை செய்யும் தச்சர்களும் ஓவியமாக இருக்கின்றனர். தம்மையே கூரையில் எழுதி வைத்த அத்தொழிலாளரை நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

முதேஹார் மரபினர் மதம் மாற்றப்பட்டனர். அதன் பின்னரும் 1610-இல் ஆரகானைவிட்டே வெளியேற்றப்பட்டனர். கோபுரங்கள் நின்றன. 1986-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. இடையே உள்நாட்டுப் போரில், 1937 டிசம்பர் முதல் 1938 பிப்ரவரி வரை, உறைபனியில் நடந்த சண்டையில் ஊர் பெரிதும் சிதைந்தது.

பிழைப்புக்கு என்ன வழி? குளிர்ந்த வறண்ட காற்றில் உலர்த்தி எடுக்கும் பன்றித்தொடை இறைச்சி புகழ்பெற்றது. 1984-இல் அதற்கு ஊர்ப்பெயர் உரிமை கிடைத்தது. (சைவ வாசகர்கள் இவ்வரியைத் தாண்டிச் செல்க.) 2013-இல் திறந்த விமான நிலையமோ விசித்திரமானது. பயணிகளுக்கன்று, விமானங்களை நிறுத்திவைக்கவும் பழுதுபார்க்கவும் ஏற்பட்டது. 2020-இல் கொள்ளைநோயால் பறப்பு நின்றபோது நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் அங்கே ஓய்வெடுத்தன!

ஆயினும் இளைஞர் தங்குவதில்லை. 1900-இல் இரண்டரை இலட்சத்தை நெருங்கிய மாகாண மக்கள்தொகை, இன்று ஏறக்குறைய 1,35,000 மட்டுமே. இரயிலும் சாலையும் மருத்துவ வசதியும் கேட்டு, 1999-இல் மக்கள் ஓர் இயக்கம் கண்டனர். அதன் பெயர் ‘தெருவேல் இருக்கிறது’ என்பது. 2019-இல் அவ்வியக்கம் பாராளுமன்றத்திற்கே ஓர் உறுப்பினரை அனுப்பியது. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர் நாமும்; நமது கிராமத்து நிலையத்தில் இப்போது ஒரேயொரு பாசஞ்சர் வண்டிதான் நிற்கிறது. ஆகவே அப்பெயருக்கு நமக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

தெருவேலின் இரயிலடி பள்ளத்தில் இருக்கிறது; ஊர் மேலே. இரண்டையும் இணைக்க 1921-இல் செங்கல்லாலும் வண்ண ஓடுகளாலும் பழைய முதேஹார் பாணியிலேயே பெரும் படிக்கட்டு ஒன்று கட்டினர். நமது இலவசப் பாஸ் ஸ்பெயினில் செல்லாது. செல்லுமாயின், மாட்ரிட்டிலிருந்து சரகோசா சென்று வண்டி மாறி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படிகளில் ஏறுவோம்.