கவலை ஓட்டியவர்

எங்கள் கொங்குப் பக்கம் கவலை இரண்டு வகை. ஒன்று மனசில் இருப்பது. இன்னொன்று கிணற்றுமேட்டில் இருந்தது. ஒரு ஜோடி மாட்டைப் பூட்டிச் சாலில் தண்ணீர் இறைப்பதைக் கவலை ஓட்டுதல் என்பார்கள். மற்ற சீமைகளில் அதுவே கமலை. “நமக்கு ரெண்டு கவலையும் உண்டுங்க” என்று அப்புச்சி விருந்தாளிகளிடம் சொல்வார். சொல்லிவிட்டு, அவர்கள் சிரித்தார்களா என்றுகூடப் பார்க்காமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார்.

அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்றவர். காங்கயத்துக்குத் தெற்கே அவருடைய தோட்டம். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே பஸ் ஏறிவிடுவோம். இறங்கி வண்டித்தடத்தில் ஒரு மைல் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு: காய்ந்த கொழுக்கட்டைப்புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள், அதன் நிழலில் அசைபோடும் மாடுகள். கடவைத் தாண்டினால் முதலில் கட்டுத்தரை, அப்புறம்தான் வீடு. வந்த ஆளை மாடுகள் பார்த்து முடித்த பிறகுதான் மனுசர்கள் பார்ப்பார்கள்.

காங்கயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறம். ஆறு மாதம் போனால் சாம்பல் ஏறி வேறு கன்றாகிவிடும். ஒரு லீவில் சிவப்பாக விட்டுப் போனதை அடுத்த லீவில் காணாமல் தேடினேன். “நீ மட்டும் அப்படியேவா இருக்கற கண்ணு?” என்றார் அப்புச்சி. அவர் கொஞ்சினார் என்றால் அந்த அளவுதான்.

வாயில் வராததெல்லாம் அவருக்குக் காரியத்தில் வரும். அவருக்கு மூன்று பெண்கள், ஒரு பையன். பெண்கள் மூவரும் தலைப்பேறுக்குத் தாய்வீடு வந்தபோது, ஒவ்வொரு தடவையும் கட்டுத்தரையில் புதிதாகக் கன்று ஈன்ற கறவை ஒன்று நின்றது. என்னமோ ராசி என்றுதான் அம்மா வெகுநாள் நினைத்திருந்தாள். அம்மாவைப் பெற்ற அம்முச்சிதான் ஒருநாள் விஷயத்தை உடைத்தாள். மகள் முழுகாமல் இருக்கிற சேதி வந்த அன்றைக்கே அப்புச்சி எந்த மாடு எந்த மாசம் ஈனும் என்று விரல்விட்டு எண்ணுவாராம். கணக்கு ஒத்துவராவிட்டால் சந்தைக்கு ஓட்டிப்போய், ஒத்துவருகிற சினைமாடாக மாற்றிக்கொண்டு வருவாராம்.

எனக்கு நினைவு தெரிந்தபோது கவலை நின்றுபோய், கிணற்றில் ஐந்து குதிரைச்சக்தி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாடுகள் இறங்கி ஏறிய வாரி எங்களுக்குச் சறுக்கு விளையாடும் இடம். ஆனால் சாலின் அடியில் கட்டும் தோல் தும்பி மட்டும் வீட்டு விட்டத்தில் தொங்கியது. வருஷம் தவறாமல் அதை இறக்கி, தும்பி பளபளக்கும்வரை விளக்கெண்ணெய் தடவுவார்.

“ஏனுங்க, கரண்ட் வந்து எத்தனை வருசமாச்சு? இந்தத் தோலுக்கு ஊத்தற எண்ணைய என்ற தலைக்குத் தேச்சாலும் சூடு தணியும்” என்பாள் அம்முச்சி.

அவர் பதில் சொல்ல மாட்டார். கரண்டின் மேல் அவருக்கு முழு நம்பிக்கை இல்லை. 1970இல், மின்கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகளில் மூன்று பேர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972இல் விவசாயிகள் சங்கத்தின் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோயம்புத்தூரில் மாட்டுவண்டிப் போராட்டம். போக வேண்டாமென்று அம்முச்சி அழுதாள். அப்புச்சி வண்டியில் சோளத்தட்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தபோது சேதி கேட்க ஊரே வாசலில் கூடியது. “ரோடு பூராம் வண்டி. மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் எடமில்ல” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

எனக்குப் பத்து வயசான சித்திரையில் மோட்டார் காயில் எரிந்தது. டவுனில் எங்களைப்போலப் பலரும் மோட்டாரோடு காத்துக் கிடந்தார்கள். பத்து நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாகத் தலை தொங்கியது. மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புச்சி விட்டத்திலிருந்து தும்பியை இறக்கித் தொட்டியில் ஊறப் போட்டார். காலையில் அது துணிபோலத் துவண்டது.

சால் இருந்தது, வடம் இருந்தது. தெரியாதது மாட்டுக்குத்தான். இரண்டும் வண்டி மாடு. வாரியில் இறங்கும்போது அப்புச்சி வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்ள, சால் மேலே வந்து தும்பி வழியாகத் தண்ணீரைக் கொட்டியது. அதுவரை சரி. அடுத்த சாலுக்கு மாடுகள் பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். வலத்து மாடு அசையவில்லை. மாமா சாட்டையை எடுத்தார். அப்புச்சி அதை வாங்கி வேலிமேல் போட்டுவிட்டு மாட்டுக்கு எதிரில் வந்து நின்றார். நெற்றியில் உள்ளங்கையை வைத்து, “பின்னால… பின்னால சாமி” என்று அழுத்தாமல் தள்ளினார். மாடு ஓரடி வைத்தது. நின்றது. இன்னோர் அடி. அந்த ஒரு தடவை மேலே வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அவை தாமாகவே பின்னால் ஏறின. இருபது சாலுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்துவைப்பது என் வேலை. பாத்திக்கு மடை திருப்புவது அம்முச்சி. வெகுகாலம் கழித்து உருளை கிரீச்சிட்ட சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவராக வேலிக் கடவில் வந்து நின்றார்கள். “சத்தங் கேட்டுதுங்க மாமா, இருப்புக் கொள்ளல” என்ற ஒருவர், கேட்காமலே போய் வடத்தின்மேல் உட்கார்ந்தார். மிளகாய் பிழைத்தது.

மோட்டார் வந்த அன்று சாயங்காலம் அப்புச்சி தும்பியைக் கழுவிக் காயவைத்தார். அம்முச்சி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தபோது அப்புச்சி இல்லை. அந்தக் கிணற்றிலும் தண்ணீர் இல்லை. இப்போது ஆழ்குழாய்க் கிணறு. பக்கத்துக் கொறங்காடு தேங்காய்க் களமாகிவிட்டது; வேலியோரமெல்லாம் கொப்பரை வாசம். மாமன் மகன் கோயம்புத்தூரில் இருந்தபடியே செல்போனில் மோட்டார் போடுகிறான். தென்னைக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போகிறது. தோட்டத்தில் சத்தமே இல்லை.

போன தையில் பட்டிப் பொங்கலுக்குப் போயிருந்தேன். வாரி மட்டும் தூர்ந்துபோகாமல் கிடந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதில் இறங்கி நடந்தேன். அடிவரை போய்விட்டு, திரும்பாமல் அப்படியே பின்பக்கமாக மேடேறிப் பார்த்தேன். நாலு அடிக்குமேல் முடியவில்லை.