57 விநாடி



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் பேசும்போது, "சார், யார் யார் பாஸ் பண்ணுவாங்கன்னு பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னாடியே சொல்லிடுவீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். இருக்கிறது. கணக்கு வாத்தியார்களுக்கு வரும் வியாதி அது. அரையாண்டு மார்க்கையும் திருப்புதல் மார்க்கையும் பார்த்துவிட்டுப் பொதுத்தேர்வில் எவ்வளவு வரும் என்று சொல்வேன். பெரும்பாலும் ஐந்து மார்க் முன்னே பின்னே சரியாக இருக்கும். அதில் எனக்குப் பெருமை அதிகம். அந்தப் பெருமை போன கதையை எழுதச் சொல்லி மனசு ரொம்ப நாளாக நச்சரிக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020 செப்டம்பர் மாதம். கொரோனா காலம். பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை போட்டிருந்தார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு ரோடு காலியாக இருந்து நான் பார்த்தது அப்போதுதான். சாயங்காலம் முகக்கவசம் போட்டுக்கொண்டு செங்கம் ரோட்டில் ஒரு நடை போவேன். வழியில் ஒரு சைக்கிள் கடை. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் விடும் கடை அது. அந்த வருஷம் யாரும் வரவில்லை. எல்லா சைக்கிளையும் சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரன் என் மாணவன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் என்றான். 'அவன்' என்று எழுதுவதற்கும் சம்மதம் வாங்கியாயிற்று.) போனால் ஸ்டூலைத் துடைத்துப் போடுவான். வீல் கோட்டம் எடுத்துக்கொண்டே பேசுவான்.

வருஷா வருஷம் வந்து தங்கும் ஒரு வெள்ளைக்காரர் அவனுக்குச் சைக்கிள் ரேஸ் பைத்தியத்தை ஏற்றிவிட்டிருந்தார். டூர் டி பிரான்ஸ் என்றால் போதும், போனை டூல்ஸ் பெட்டி மேல் சாய்த்து வைத்துவிடுவான். அப்படித்தான் எனக்கும் பழக்கமானது. அதற்கு முன் 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் டைம் டிரையல் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் மில்லர் தங்கம் வாங்கினார். ஒரு ஆள் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறானே, இதில் என்ன போட்டி என்று அப்போது சேனலை மாற்றிவிட்டேன்.

உண்மையில் கணக்கு வாத்தியாருக்கென்றே செய்த போட்டி அது. ஒவ்வொருவராக ஒன்றிரண்டு நிமிஷ இடைவெளியில் கிளம்புவார்கள். யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்து காற்றைத் தவிர்க்க முடியாது. மொத்த நேரத்தில் கடைசி இடத்தில் இருப்பவர் முதலில் கிளம்புவார், முதலிடத்தில் இருப்பவர் கடைசியில். தூரம், நேரம், வேகம். எட்டாம் வகுப்புப் பாடம்.

செப்டம்பர் 19, சனிக்கிழமை. மறுநாள் பாரிஸில் போட்டி முடிகிறது. அந்த நாள் சம்பிரதாயத்துக்கு ஓட்டுவது மாதிரிதான். அதனால் இந்த 36.2 கிலோமீட்டர் டைம் டிரையல்தான் தீர்ப்பு. ஸ்லோவேனியா நாட்டு பிரிமோஷ் ரோக்லிச் மஞ்சள் சட்டையில் 57 விநாடி முன்னே. இரண்டாவது இடத்தில் அதே நாட்டு தாடேய் பொகாச்சார், இரண்டு நாளில் 22 வயது முடியப்போகிற பையன்.

"யாரு சார்?" என்றான்.

மனக்கணக்கு போட்டேன். 57-ஐ 36-ஆல் வகுத்தால் ஒன்றரைக்குச் சற்று மேல். பையன் கிலோமீட்டருக்கு ஒன்றரை விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். ரோக்லிச்சோ 2017 உலகப் போட்டியில் இதே டைம் டிரையலில் வெள்ளி வாங்கியவர். பத்து நாளாக மஞ்சள் சட்டையைக் கழற்றாதவர். "ரோக்லிச். இதுல யோசிக்க ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் தலையை ஆட்டவில்லை. "சார், கடைசி ஆறு கிலோமீட்டர் மேடு. நீங்க சமதரைக் கணக்கு போடுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது சரி. சமதரையில் வேகமாகப் போகிறவருக்கு முக்கிய எதிரி காற்று. அங்கே வேகத்தை 10 சதவீதம் கூட்ட ஏறத்தாழ 33 சதவீதம் சக்தி கூட வேண்டும் (1.1-ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள்). எனவே ஒருவர் 6 சதவீதம் பலசாலி என்றாலும் சமதரையில் 2 சதவீதம்தான் முந்துவார். செங்குத்தான மேட்டில் காற்று பெரிதில்லை, எடையைத் தூக்குவதுதான் வேலை. அங்கே 6 சதவீதம் பலம் கிட்டத்தட்ட 6 சதவீத வேகம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அன்றைய கடைசி மேடு சராசரி எட்டரை சதவீதம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மொத்தத்தையும் சரிசமமாக வகுத்த என் கணக்கே தப்பு.

"இன்னொண்ணு சார். ஜூன் மாசம் அவங்க ஊர்லயே ரெண்டு பேரும் ஒரு டைம் டிரையல் ஓட்டுனாங்க. அதுவும் மேடுதான். சின்னப் பையன் ஒம்பது செகண்டுல ஜெயிச்சான்."

"ஒம்பது செகண்டு ஒரு வித்தியாசமாடா?"

"கடைசியா ஓட்டுனது அதுதானே சார்."

ஸ்டேஜ் பையனுக்கு, மஞ்சள் சட்டை மட்டும் ரோக்லிச்சிடம் தப்பிக்கும் என்றான். ஆக, அவனும் பாதிதான் சரி. மேடு தொடங்கும் முன்பே 57-இல் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. ரோக்லிச்சின் தலைக்கவசம் சரிந்து, முகம் வெளுத்து, ஓட்டத்தில் லயமே இல்லை. பொகாச்சார் 55 நிமிஷம் 55 விநாடி. ரோக்லிச் 57 நிமிஷம் 51. அதாவது 116 விநாடி வித்தியாசம். அதில் 57 போக 59. பையன் 59 விநாடியில் டூரையே ஜெயித்துவிட்டான். ரோக்லிச் கோட்டைத் தாண்டித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ வாங்கி வந்தான். பேச்சு 1989-க்குப் போனது. அந்த வருஷம் கடைசி நாளே டைம் டிரையல், 24.5 கிலோமீட்டர். அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், பிரான்ஸின் லோரான் ஃபின்யோனைவிட 50 விநாடி பின்னே. லெமாண்ட் 58 விநாடி எடுத்து, மொத்தத்தில் 8 விநாடியில் ஜெயித்தார். 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி 8 விநாடி! புது மாதிரி ஹேண்டில்பார் போட்டிருந்தது, ஃபின்யோனுக்கு உட்கார முடியாதபடி புண், எல்லாம் சொன்னான்.

"அதுல பெரிய விஷயம் இன்னான்னா சார், நடுவுல டைம் எதுவும் எனக்குச் சொல்லாதீங்கன்னு லெமாண்ட் முன்னாடியே சொல்லிட்டாரு. காதுல விழுந்தா அந்த நம்பர்தான் மண்டைல ஓடும்."

கொஞ்ச நேரம் ஸ்போக்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னான். "எங்கப்பா ஸ்கூலுக்கு வந்தப்ப நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு சார். நான் தூணுக்குப் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தேன்."

எனக்கு அந்த வராந்தா ஞாபகம் இருந்தது. அவன் பத்தாவது, தொண்ணூறுகளின் கடைசி. அப்பா மூட்டை தூக்குகிறவர். பையன் தேறுவானா, இல்லை வேலைக்கு விடட்டுமா என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அரையாண்டில் 22, முதல் திருப்புதலில் 24. "35 வராதுய்யா" என்றேன். நேர்மையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பையன் ஹால் டிக்கெட் வாங்கவே வரவில்லை. அடுத்து வந்த வகுப்புகளில் நான் இதைச் சொல்லிக்கூடக் காட்டியிருக்கிறேன், 'அப்போதே சொன்னேன்' என்று. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவன் எழுதவே இல்லையே, என் கணிப்பு எப்படிச் சரியாகும்?

"கடைசித் திருப்புதல்ல 31 சார்" என்றான். "பேப்பர் குடுத்தப்ப நீங்க ஒண்ணும் சொல்லல."

அந்த 31 எனக்கு ஞாபகமே இல்லை.

"மன்னிச்சுருப்பா" என்றேன். "ஐயோ சார், நான் நல்லாத்தான் இருக்கேன். அதுக்காகச் சொல்லல, லெமாண்ட் பத்திப் பேசினோமா, வந்துடுச்சு" என்றான். அவன் அப்படிச் சொன்னதற்காக நான் சும்மா இருந்துவிட முடியுமா, தெரியவில்லை. வீட்டில்கூடப் பல நாள் சொல்லவில்லை.

ரோக்லிச் கதை அங்கே முடியவில்லை. அடுத்த வருஷமே டோக்கியோ ஒலிம்பிக் டைம் டிரையலில் தங்கம். பிறகு 2023 மே 27, இத்தாலியின் ஜிரோ போட்டியில் கடைசிக்கு முந்தின நாள், மறுபடியும் மேட்டில் டைம் டிரையல். இந்தத் தடவை ரோக்லிச் 26 விநாடி பின்னே, கெரெயின்ட் தாமஸ் முன்னே. அன்றைக்கும் அதே ஸ்டூல். கடைக்காரன் மகள் அப்போது பத்தாவது போகவிருந்தாள், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு சார்?"

"நான் சொல்ல மாட்டேன்" என்றேன். சிரித்தான்.

மேட்டில் ரோக்லிச்சுக்குச் செயின் கழன்றுவிட்டது. கடைக்காரன் திடுக்கென்று எழுந்து நின்றுவிட்டான், ஓடிப் போய் மாட்டிவிடப் போகிறவன் மாதிரி. ரோக்லிச் இறங்கி, தானே மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிட மறுபடி ஏறினார். அப்படியும் தாமஸை 40 விநாடி முந்தி, ஜிரோவை 14 விநாடியில் ஜெயித்தார். நாங்கள் மூன்று பேரும் கத்திய கத்தில் எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அது முடிந்ததும் அவன் மகளைக் காட்டி, "கணக்குல எவ்ளோ வரும் சார் இவளுக்கு?" என்று கேட்டான். பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டான். அந்தப் பெண் என் வாயையே பார்த்தாள்.

"கடைசியா எழுதின பேப்பர் இருந்தா எடுத்துட்டு வாம்மா" என்றேன்.

ஓடிப் போய் எடுத்து வந்தாள். மூன்றாவது கணக்கில் ஒரு கழித்தல் குறியை விட்டிருந்தாள். மற்றதெல்லாம் சரி.