தரையில் துயிலும் பெருமாள், மணலில் துயிலும் அடியார்கள்

மாசி மாதத்துப் பௌர்ணமிக்கு முந்தைய மாலை. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலையில் வழக்கத்தைவிட வண்டிகள் மிகுந்திருக்கும். வேன்களும் ஆட்டோக்களும் சிறு சுமை வண்டிகளும் கிழக்கு நோக்கி விரையும். அவற்றுள் சுருட்டிய பாய்கள், சோற்றுப் பானைகள், விறகுக் கட்டு, சவுக்குக் கழிகள், பழம்புடவை மூட்டைகள் ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். இவர்கள் விடுதியில் அறை தேடி வருபவர்கள் அல்லர். கடற்கரை மணலையே படுக்கையாகவும், உடன் கொண்டுவரும் புடவையையே கூரையாகவும் கொள்ள வரும் இருளர் குலத்து மக்கள். தங்கள் குலதெய்வமான கன்னியம்மனைக் கண்டு வணங்கவே இந்தப் பயணம்.

அதே மாசி மக நன்னாளில்தான் மாமல்லபுரத்து அருள்மிகு ஸ்தலசயனப் பெருமாளும் தீர்த்தவாரிக்காகக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். ஒரே கரை, ஒரே நீராடல். அங்கே தரையில் துயிலும் பெருமாளும் மணலில் துயிலும் அடியார்களும் கூடும் காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறப்பதில்லை.

முனிவருக்காகத் தரையில் பள்ளிகொண்டவர்

திருக்கடல்மல்லை என்று ஆழ்வார்கள் போற்றிய இத்தலம் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. முதலாழ்வார் மூவருள் ஒருவரான பூதத்தாழ்வார் அவதரித்த புண்ணிய பூமி. ஐப்பசி மாதத்து அவிட்ட நாளில், குருக்கத்தி மலரில் அவர் தோன்றினார் என்பது வைணவ மரபு.

தலவரலாறு உள்ளத்தை உருக்குவது. புண்டரீக முனிவர் இங்கே தவம் செய்துவந்தார். தாமரை மலர்களைத் திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பரந்தாமன் திருவடியில் சேர்ப்பிக்க விரும்பினார். குறுக்கே கடல் நின்றது. அதனை இறைத்து வற்றச் செய்துவிட்டு வழி காண்பேன் என்று இரு கைகளாலும் நீரை வாரி இறைக்கலானார். நாள்கள் கடந்தன. ஒரு நாள் முதியவர் ஒருவர் வந்து, “பசிக்கிறது, உணவு தாரும்” என்றார். வந்தவருக்கு உணவளிப்பதே முதற்கடமை என்று உணர்ந்த முனிவர், இறைக்கும் பணியை நிறுத்தி உணவு தேடிச் சென்றார். திரும்பி வந்தபோது முதியவரைக் காணவில்லை. முனிவர் வைத்துச் சென்ற தாமரைகளைச் சூடியபடி, பாம்பணையும் இன்றி, வெறுந்தரையில் பெருமாள் பள்ளிகொண்டிருந்தார்.

ஸ்தலசயனம் என்ற திருநாமத்தின் பொருள் இதுவே. மற்றத் தலங்களில் ஆதிசேடன் மீது அறிதுயில் கொள்ளும் பெருமாள், இங்கே தரையையே படுக்கையாகக் கொண்டார். அவரது வலத்திருக்கை அடியார்களை அழைக்கும் பாவனையில் அமைந்திருக்கிறது. தாயார் திருநாமம் நிலமங்கை. உற்சவரான உலகுய்ய நின்றான் திருக்கரத்தில் தாமரை மொட்டு ஒன்று உண்டு. முனிவர் கொண்டுவந்த மலரின் நினைவு அது. கோயிலின் புனிதக் குளமும் புண்டரீக புஷ்கரணி என்றே வழங்கப்படுகிறது.

கரையோரத்துக் கடற்கோயிலிலும், இரண்டு சிவ சந்நிதிகளுக்கு நடுவே, பாறையிலேயே வடிக்கப்பட்ட பள்ளிகொண்ட திருமாலைக் காணலாம். அங்கும் பாம்பணை இல்லை. இராசசிம்மன் காலத்தில், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில் அது. இவ்வூரில் இறைவன் தரையோடு உறவு கொண்டவன் என்பதற்குக் கல்லே சாட்சி.

சுமை வண்டி வீடாக மாறிய காலம்

இருளர் மக்கள் இன்று மேற்கொள்ளும் பயணத்தின் பழைய வடிவம், தொண்டை நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவானதே. எழுபது வயதைக் கடந்த வாசகர்கள் பலர் சிறுவயதில் அதனைக் கண்டிருப்பார்கள். வயலில் எருவும் நெல்லும் சுமந்த மொட்டை வண்டி, திருவிழாக் காலம் வந்ததும் கூண்டு வண்டியாக மாறிவிடும்.

மாற்றும் முறை எளியது. மூங்கிலைப் பிளந்து வில்லாக வளைத்து, வண்டியின் இருபுறமும் உள்ள முளைக்கம்புகளில் கட்டுவர். அவற்றின் மேல் ஈச்சம்பாயோ பனையோலைப் பாயோ வேய்ந்தால் கூண்டு ஆயிற்று. அடித்தளத்தில் வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, அதன்மேல் கோரைப்பாயும் சமுக்காளமும் விரிப்பார்கள். மேடு பள்ளங்களின் அதிர்ச்சியை வைக்கோல் தாங்கிக்கொள்ளும். வழியில் எருதுகளுக்கு அதுவே தீவனமும் ஆகும். அச்சுக்கு வண்டிமை இட்டு, கடையாணி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அடியில் அரிக்கேன் விளக்கொன்றைத் தொங்கவிட்டுப் புறப்படுவார்கள். முதியோரும் குழந்தைகளும் கூண்டுக்குள், மற்றவர்கள் நடை. தங்கும் தோப்பு வந்ததும் எருதுகளை அவிழ்த்து, வண்டியின் முன்புறத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். கூண்டின் உட்புறம் பெண்களுக்கு, வண்டியின் அடிநிழல் ஆண்களுக்கு. கட்டுச்சோறு அவிழும். விடிந்தால் பயணம் தொடரும்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இன்று ஒரு மணி நேரத்தில் கடக்கும் இத்தொலைவு அன்று ஓர் இரவுப் பயணம். இடையே திருக்கழுக்குன்றத்தில் இறங்கி, சங்கு தீர்த்தத்தில் நீராடி, தாழக்கோயில் பக்தவத்சலேசுவரரையும் மலைமேல் வேதகிரீசுவரரையும் வணங்கிச் செல்வது வழக்கம். வண்டியின் வேகத்துக்கு ஏற்ப வழியும் ஒரு வழிபாடாக அமைந்தது.

சுமைக்கென்று செய்த வண்டியை உறங்கும் வீடாக மாற்றும் இந்தக் கலை உலகெங்கும் உண்டு. மேலை நாடுகளில் இராணுவம் கழித்துவிட்ட இழுவை வண்டிகளை விலைக்கு வாங்கி, கூடாரமும் படுக்கையும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி, சாலையற்ற காடுகளுக்குச் சென்று தங்குகிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம் முன்னோருக்கு அது இறைவனிடம் செல்லும் வழி. அறையும் சமையற்காரரும் தேடி அலையாமல், தேவையானவற்றைத் தாமே சுமந்து சென்று, பிறருக்குப் பாரமாகாமல் திரும்புவது தலயாத்திரையின் ஒழுக்கமாகவே கருதப்பட்டது.

புடவைக் குடில்களும் ஏழு படிகளும்

அந்த ஒழுக்கம் இன்று முழுமையாகக் காணக் கிடைப்பது மாசி மகத்து மல்லைக் கரையில்தான். இருளர்கள் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். மணலில் நான்கு கழிகளை நட்டு, சுற்றிலும் புடவையைக் கட்டினால் குடில் தயார். சில மணி நேரத்தில் கரையில் ஓர் ஊரே எழுந்துவிடும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பல நிறச் சுவர்கள் கடற்காற்றில் படபடக்கும். மூன்று கற்களைக் கூட்டி அடுப்பு மூட்டி, ஒவ்வொரு குடும்பமும் தனக்கான உணவைச் சமைத்துக்கொள்ளும். இரவில் நிலவொளியில் பாட்டும் ஆட்டமும் நிகழும்.

கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் சென்றுவிட்டாள் என்றும், ஆண்டுக்கு ஒருமுறை கரைக்கு வந்து வேண்டினால் சினம் தணிந்து தங்களோடு வீடு திரும்புவாள் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். தாயை அழைத்துச் செல்லப் பிள்ளைகள் வந்து கரையில் காத்திருக்கும் இரவு அது.

கிழக்கு வெளுக்கும் வேளையில் அலையோரத்து ஈர மணலில் ஏழு படிகள் அமைக்கிறார்கள். ஏழு கன்னியரையும் எண்ணி, பூவும் தேங்காயும் பழமும் அவலும் பொட்டுக்கடலையும் படைத்து, கற்பூரம் ஏற்றுகிறார்கள். பெரியவர் சிலர்மேல் அருள் வந்து குறி சொல்வதும் உண்டு. பின்னர் அதே மணற்படிகளின் முன்னே திருமணங்கள் நடைபெறுகின்றன. காதுகுத்தும், முடியிறக்கலும், குழந்தைக்குப் பெயர் சூட்டுதலும் அங்கேயே. இந்த ஆண்டு நிச்சயிக்கப்படும் இணைக்கு அடுத்த மாசி மகத்தில் இதே கரையில் தாலி ஏறும். மண்டபமும் இல்லை, வாடகையும் இல்லை. கடல் சாட்சி, கதிரவன் சாட்சி.

வெயில் ஏறும் நேரத்தில் மேள வாத்தியத்துடன் ஸ்தலசயனப் பெருமாளும் ஆதிவராகப் பெருமாளும் கரைக்கு எழுந்தருள்வார்கள். சக்கரத்தாழ்வாருக்குக் கடலில் தீர்த்தவாரி நிகழும். இக்கடற்கரை அர்த்த சேது எனப் போற்றப்படுவது. இங்கு நீராடுவது இராமேசுவரத்துச் சேது நீராடலில் பாதிப் பயனைத் தரும் என்பது நம்பிக்கை. வைணவ அடியார்களும் இருளர் குடும்பங்களும் ஒரே அலையில் தலை நனைக்கும் வேளை அது.

கல்லில் ஒரு குடிசை

நீராடி முடித்தவர்கள் ஐந்து இரதங்களைக் காணாமல் திரும்பலாகாது. முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லன் 7-ஆம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்தவன். அக்காலத்துச் சிற்பிகள் ஒற்றைப் பாறைகளைக் குடைந்து இவற்றை வடித்தார்கள். பீம இரதத்தின் நீண்ட கூரையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், கூண்டு வண்டியின் வளைந்த கூண்டே நினைவுக்கு வரும். மூங்கிலும் கூரையும் கொண்டு மக்கள் கட்டிய வடிவத்தைத்தான் சிற்பி கல்லில் நிலைபெறச் செய்தான்.

திரௌபதி இரதம் இன்னும் வியப்புக்குரியது. அது ஒரு குடிசை. அடுக்கடுக்கான விமானம் எதுவும் இன்றி, ஓலை வேய்ந்த சிறுகுடிலின் தோற்றத்தை அப்படியே கொண்டது. உள்ளே தாமரைமேல் நிற்பவள் கொற்றவையாகிய துர்க்கை; அவள் திருவடியருகே தன் தலையையே காணிக்கையாக்க முனையும் அடியவன் ஒருவன். மாளிகை எழுப்ப வல்ல பல்லவன், அன்னைக்குக் குடிசையைத் தேர்ந்தான். அதற்குச் சற்றுத் தொலைவில், கடற்கரை மணலில், புடவைக் குடில்களில் தங்கிக் கன்னியம்மனை அழைக்கும் மக்களைக் கண்டபின் இவ்விரதத்தைப் பார்ப்பவர்க்கு அதன் பொருள் கூடுதலாக விளங்கும்.

பெருமாள் கேட்ட உணவு

இந்த மக்களின் வாழ்வு எளிதானதன்று. தமிழகத்தின் மிகவும் நலிவடைந்த பழங்குடிகளுள் இருளரும் அடங்குவர். பாம்பு பிடிப்பது அவர்களுடைய பரம்பரைத் திறன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் நின்றது, பிழைப்பும் நின்றது. அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் கடனுக்குக் கட்டுப்பட்டுக் கொத்தடிமைகளாய்க் கிடந்து, பின்னர் மீட்கப்பட்ட குடும்பங்கள் பல. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்தும் நிலை இது.

ஆயினும் அவர்கள் நாட்டுக்கு அளித்த கொடை பெரிது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978-ஆம் ஆண்டு இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளின் நஞ்சை எடுத்து, மீண்டும் அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு மாற்றுமருந்து தயாராகிறது. வயலில் கடியுண்டு பிழைத்த எத்தனையோ உழவர்களின் உயிருக்குப் பின்னே இருளர் கைகள் உள்ளன. செங்கற்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

2021-ஆம் ஆண்டு, ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதாக ஒரு நரிக்குறவர் பெண்மணி முறையிட்டார். பின்னர் அறநிலையத்துறை அமைச்சரே வந்து, அவருடன் அதே கோயிலில் அமர்ந்து உணவு உண்டார். தலவரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்நிகழ்ச்சி ஒரு பாடம். பசித்த முதியவராக வந்து உணவு கேட்டவன் இத்தலத்துப் பெருமாள். கடலை இறைத்த உழைப்பால் அவன் முனிவருக்குக் காட்சி தரவில்லை. அறிமுகமில்லாத ஒருவரின் பசியைப் போக்க ஓடியபோதே காட்சி தந்தான். அவனுடைய பந்தியில் யார் அமரலாம் என்ற கேள்விக்கு அவனே முன்னரே விடை கூறிவிட்டான்.

செல்வோர் கவனத்துக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும், செங்கற்பட்டு வரை ரயிலில் வந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்திலும் மாமல்லபுரம் சேரலாம். மாசி மகம் பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில் அமையும். முந்தைய நாளே சென்று தங்குவது நலம். கரையில் விடியற்பனி மிகுதி. முதியோர் போர்வையும் தலைக்கு மறைப்பும் கொண்டு செல்லவேண்டும். அலைகளின் இழுப்பு இங்கு வலியது. கணுக்கால் அளவு நீரில் நின்று, சொம்பால் முகந்து தலையில் விட்டுக்கொள்வதே பாதுகாப்பு. குழுவாகச் செல்வோர் சரக்கு வண்டிகளில் ஏறிச் செல்லலாகாது. அது சட்டத்துக்குப் புறம்பானது, உயிருக்கும் ஆபத்தானது.

புடவைக் குடில்களின் இடையே நடப்பவர்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு வீடு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கேளாமல் எட்டிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் முறையன்று. “வாங்க, உட்காருங்க” என்று அழைத்தால் மணலில் அமரலாம். தரும் அவலைப் பிரசாதமாக ஏற்கலாம்.

பகல் ஏறியதும் குடில்கள் அவிழும். புடவைகள் மீண்டும் மூட்டையாகும், கழிகள் கட்டப்படும். அலை வந்து ஏழு படிகளையும் கரைத்துச் செல்லும். கன்னியம்மன் தங்களோடு புறப்பட்டுவிட்டாள் என்ற நிறைவோடு வண்டிகள் மேற்கே திரும்பும். கோயிலினுள், வலக்கையால் அழைத்தபடி, தரையில் பள்ளிகொண்டிருக்கிறார் பெருமாள்.