பேச்சி என்றே வை

பாளையங்கோட்டை

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் உடம்பு, பிள்ளை பால் குடிக்கிறது, அம்மா வைக்கிற பத்தியக் குழம்பு எல்லாம் போனிலேயே கேட்டாயிற்று. இந்த ஒன்றைத்தான் போனில் பேச முடியவில்லை. நீ பேசும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள், பாதிப் பேச்சில் உன் குரல் இறங்கிவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து நிதானமாகப் படி.

"பேச்சின்னு வைக்க வேண்டாமோக்கா?" என்று நேற்று ராத்திரி கேட்டாயே, அது உன் மனசிலிருந்து வந்த கேள்வி மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெண் பிறந்தால் ஆச்சி பேர்தான் என்று வளைகாப்பு அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் நீ. உன் வீட்டுக்காரருக்கும் அதுதான் ஆசை என்றபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த ஆசைக்கு இப்போது என்ன குறை வந்தது? ஆளாளுக்குப் பேசியதில் நீ களைத்துப்போயிருக்கிறாய், அவ்வளவுதான். பிள்ளை பெற்ற உடம்புக்கு இத்தனை பேருக்குப் பதில் சொல்லத் தெம்பு இருக்காது.

நேராகவே சொல்கிறேன். பேச்சி என்றே வை.

பெரியப்பா பஞ்சாங்கத்தோடு வந்ததைச் சொன்னாய். பிள்ளை திருவாதிரை மூன்றாம் பாதம். அந்த நட்சத்திரத்துக்கு கு, க, ங, ச என்று நாலு எழுத்து சொல்வார்கள். மூன்றாம் பாதத்துக்கு ங. அந்த எழுத்தில் தொடங்குகிற பேருக்கு யார் எங்கே போவது? ஜோசியர்களே பக்கத்து எழுத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். நகரலாம் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான். பெரியப்பா மனசு நோகக் கூடாது என்றால் ஜாதகத்தில் எழுத ஒரு நட்சத்திரப் பேரை அவரையே சொல்லச் சொல். நிறைய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெரியப்பா பேருக்கே ஒரு கதை இருக்கிறது. ஆச்சி சொல்லி நான் கேட்டது, நீ அப்போது சின்னப் பிள்ளை. தலைப்பிள்ளை ஆணாகப் பிறந்ததும் குலதெய்வத்தை நினைத்து மாடசாமி என்றுதான் வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பிடியாக நின்றிருக்கிறார்கள். தாத்தாவோ இயக்கக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர். ராமையா அன்பழகன் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் இளவட்டங்களுக்குள் பெரிய பேச்சாக இருந்த காலம் அது. அன்பழகன் என்றுதான் வைப்பேன் என்று தாத்தா சொல்லிவிட்டார். ஆச்சியின் மாமியார் அந்தப் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்று வெகுகாலம் பிள்ளையை "ஏலேய்" என்றே கூப்பிட்டாராம். ஆச்சி தாத்தா பக்கம் நின்றாள். தான் சாமி பேரைச் சுமந்தவள், ஆனாலும் பிள்ளைக்கு வேறு பேர் வேண்டும் என்ற புருஷனோடு நின்றாள். "பெத்தவுக ஆசைப்பட்டு வச்சா, கூப்பிடக் கூப்பிட வாய்க்குப் பழகிரும்" என்பாள். பெரியப்பாவுக்கு இந்தக் கதை தெரியாமல் இருக்காது. ஒருநாள் சாவகாசமாக அவரிடமே கேட்டுப் பார், அவர் வாயால் சொல்லட்டும்.

மாமா பையனின் எண்கணிதத்தை விட்டுத் தள்ளு. அவன் கூட்டுவது ஆங்கில எழுத்துகளை. நீ கூப்பிடப் போவது தமிழில்.

உன் மாமியாரின் வருத்தம் அப்படித் தள்ளக்கூடியது இல்லை. தலைப்பிள்ளைக்கு அப்பா வழிப் பேர் என்பது நம் பக்கத்து வழக்கம். அவர் தன் வீட்டுப் பேர் ஒன்று வரும் என்று காத்திருந்திருப்பார். "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார் என்றாயே, அதில் அத்தனையும் இருக்கிறது. அதற்கு நீ சமாதானம் சொல்லப் போகாதே, உன் வீட்டுக்காரர் பேசட்டும். "அம்மா, இது நான் ஆசைப்பட்ட பேர்" என்று மகன் வாயால் கேட்டால் அந்த வருத்தத்துக்கு ஒரு மரியாதை கிடைக்கும். அதையே மருமகள் சொன்னால் வழக்காகிவிடும்.

அம்மாவைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். தன் மாமியார் பேர் என்பதால் அவள் தயங்குகிறாள் என்று நீ நினைக்கிறாய். அது இல்லை. போன வாரம் என்னிடம் சொன்னாள்: "எம் பேரு இசக்கியம்மாள்னு சொன்னா ஆஸ்பத்திரில டோக்கன் போடுத பிள்ளை ரெண்டு மட்டம் கேக்கா. கேட்டுட்டு பக்கத்துல இருக்கவளைப் பாத்துச் சிரிக்கா. எம் பேத்திக்கும் அதே பாடா?" இதைக் கேட்டபிறகு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சாங்கத்துக்குப் பதில் சொல்லிவிடலாம், இதற்கு என்ன சொல்வது? அவள் பட்டதைச் சொல்கிறாள்.

பேச்சி, இசக்கி, மாடன், சுடலை என்று காதில் விழுந்ததும் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன ஆள் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டுவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பட்டம் போயிற்று. பட்டம் இல்லாத பேரிலும் சாதியைத் தேடுகிற கண் இன்னும் போகவில்லை. சிரிப்பும் அங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து நாம் பேரை மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் நம் ஆச்சிகளின் பேர்கள் எல்லாம் சினிமாவில் சிரிப்புக்கு மட்டும்தான் மிஞ்சும். எனக்கு அது பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று உன் ஆபீஸ் தோழிகளும் சொல்கிறார்களாம். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்கிறவள் நான், அதனால் இதை என்னிடம் கேள். ஒரு வருஷம் ஆறாம் வகுப்பில் சுடலைமுத்து என்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். ரித்தீஷ், தர்ஷன், ஹரிணி என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் அவன் பேர் வந்ததும் பின் பெஞ்சில் ஒரு கிளுகிளுப்பு. அவன் "உள்ளேன் டீச்சர்" என்றது எனக்கே கேட்கவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது. நான் பதிவேட்டிலிருந்து நிமிர்ந்து, அவனைப் பார்த்து, முழுப்பேரையும் இன்னொரு தடவை கூப்பிட்டேன். மற்றப் பேர்களைக் கூப்பிடுகிற அதே குரலில். மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் கபடி ஆடும்போது "சுடலை, புடிலே!" என்று மைதானமே கத்தியது. எல்லா வகுப்பிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பேரைக் கேட்டுத் தாங்களே சிரிக்கிற ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன், அப்போது எனக்கு வருகிற ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சிரிக்கக் கற்றுத்தருவது பெரியவர்கள். பெரியவர்கள் நிறுத்தினால் அவர்களும் நிறுத்திவிடுகிறார்கள். நீயும் உன் வீட்டுக்காரரும் அந்தப் பேரை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைத்தான் உன் பிள்ளை முதலில் கேட்கப் போகிறாள்.

கருப்பாயி என்ற பேரோடுதான் கொல்லங்குடி கருப்பாயி மேடையேறிப் பாடினார். மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அதே பேரில்தான் 2019-இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2016-இல் ரியோவில் மாரியப்பன் தங்கம் வென்றபோது டிவியில் அந்தப் பேரைக் கேட்டு நம் தெருவே கைதட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? மாரியப்பன் என்ற பேரும் நம் அம்மன் கோயில் வாசலில் பிறந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனசில் வெகுநாளாக இருப்பது. ஆச்சியின் தங்கச்சி, நம் சின்னாச்சி, நாலாவது பெண்ணாகப் பிறந்தவள். போதும்பொண்ணு என்று பேர் வைத்தார்கள். அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று. மதுரை, தேனிப் பக்கமெல்லாம் அந்தப் பேர் உண்டு. திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பிள்ளைகளுக்கு ‘வேண்டாம்’ என்றே பேர் வைத்திருப்பது செய்தியில் வந்தது. சின்னாச்சியோடு நான் ஓட்டுச்சாவடிக்குப் போயிருக்கிறேன். அலுவலர் பட்டியலைப் பார்த்துப் பேரை உரக்கப் படிப்பாரே, அதற்கு முன்னாடியே அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொள்வாள். அந்த வயசிலும் அப்படித்தான். அந்தப் பேர் வைத்த அன்றைக்கு, "பிள்ளை நாளைக்குச் சங்கடப்படுமே" என்று சொல்ல ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. பெற்றவளை யாரும் கேட்கவும் இல்லை. திண்ணையில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். பேர் விஷயத்தில் ஊர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று யாராவது உன்னிடம் சொன்னால், எனக்குச் சின்னாச்சியின் அந்த முந்தானைதான் கண்ணில் வருகிறது.

சான்றிதழில் நாகரிகமாக ஒரு பேரும், வீட்டில் பேச்சியும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறதல்லவா? கேட்பதற்கு எல்லோரையும் திருப்திப்படுத்துகிற மாதிரி இருக்கிறது. நம் வீடுகளில் இரண்டு பேர் புதுசும் இல்லை. மாமனார் பேரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால், தாத்தா பேர் வைத்த பிள்ளையை ஐயா, ராசா, பெரியவன் என்றுதானே பெற்றவளே கூப்பிட்டாள்? ஆனால் வீட்டுப் பேர் வீட்டுப் பெரியவர்களோடு போய்விடும். நானும் நீயும் இருக்கும்வரை அவள் பேச்சியாக இருப்பாள், அதற்குப் பிறகு அப்படிக் கூப்பிட யார் இருப்பார்கள்? மாற்றிச் செய். காகிதத்தில் பேச்சி இருக்கட்டும். வீட்டில் அவரவர் ஆசைக்கு எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், உன் மாமியார் தன் வீட்டுப் பேரைச் சொல்லியே கொஞ்சட்டும்.

காகிதத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் ஆச்சிதான். அவளுடைய பீடிக் கம்பெனி பாஸ்புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. முதல் பக்கங்களில் எல்லாம் பெருவிரல் ரேகை, ஊதா மை பரவிப்போயிருக்கும். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்துக்காரர்கள் நம் ஊருக்கு வந்து ராத்திரி வகுப்பு எடுத்தார்கள். பகலெல்லாம் சொளகை மடியில் வைத்து இலை சுருட்டிய கையோடு ஆச்சி போய் உட்கார்ந்தாள். சிலேட்டில் அவள் முதலில் எழுதியது பேச்சி. இரட்டைக்கொம்பை எழுதாமல் ஒற்றைக்கொம்பை எழுதி ‘பெச்சி’ ஆகிவிடும், அழித்து அழித்து எழுதுவாள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் ரேகையே இல்லை. கோணலும் மாணலுமாக, சில பக்கங்களில் புள்ளி இல்லாமல், கடைசிப் பக்கம் வரை அந்தக் கையெழுத்துதான். அந்தப் பீடிக் காசில்தான் எனக்கும் உனக்கும் பள்ளிக்கூட நோட்டு வந்தது. உன் பிள்ளையின் சான்றிதழில் அந்தப் பேர் அச்சாகி வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

ஆஸ்பத்திரியில் பேர் கேட்கிறார்கள், சீக்கிரம் சொல் என்று உன்னை அவசரப்படுத்தினால் பதறாதே. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பேர் இல்லாமலும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் பேரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் இடம் இருக்கிறது. நீ அவ்வளவு நாள் போடப் போவதில்லை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். பதிவாகிவிட்டால் மாற்றுவது லேசில்லை, பிற்பாடு அரசிதழ் வரை அலைய வேண்டிவரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கிற பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்க்கவும் ஓட்டுநர் உரிமத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆகையால் பேச்சியா, பேச்சியம்மாளா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்து, ஆதாரிலும் அதே எழுத்தைக் கொடுங்கள். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும்போது ஒரு எழுத்து மாறியதற்காக எத்தனை அப்பா அம்மாக்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு உன் மதினி. குடும்பக் குரூப்பில் "இந்தக் காலத்துல இப்படி ஒரு பேரா?" என்று எழுதியவர் அவர். பிள்ளையின் காதில் மூன்று முறை பேர் சொல்வது அத்தை உரிமை, ஆகவே சொல்ல வேண்டியவரும் அவர்தான். முன்கூட்டியே நீயே போன் போட்டு, "மதினி, பேர் முடிவாயிட்டு, பேச்சி. நீங்கதான் வந்து காதுல சொல்லணும்" என்று கூப்பிடு. என்ன நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதே. வைக்கலாமா என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு கருத்து இருக்கும். வைத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டால் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். அவர் கோபக்காரர்தான், ஆனால் உரிமையைக் கொடுத்துக் கூப்பிட்டால் வராமல் இருக்க மாட்டார்.

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடு. நீ படித்துச் சொல்ல வேண்டாம், அவளே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். பாஸ்புத்தகத்தையும் வரும்போது எடுத்து வருகிறேன். வசம்பு வளையலும் கருகமணியும் இங்கே கீழரதவீதியில் வாங்கிக்கொள்கிறேன், அங்கே தேடி அலையாதே. தொட்டில் போடுகிற தேதி முடிவானதும் உடனே சொல், எனக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா