காப்பாற்ற வந்தவர்கள்

2009 மே மாதம் நாகமலை புதுக்கோட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கவிதைகள் எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். மேடைகளில் அவை கைதட்டல் வாங்கின. திருமங்கலம் பக்கம் உச்சப்பட்டியில் ஈழத்து அகதிகளின் முகாம் இருக்கிறது. ஒருநாளும் நான் அங்கே போனதில்லை. அங்கிருந்து என் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், பெயின்ட் அடிக்க.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக் கவியரங்கத்தில் அந்தக் கவிதைகளில் ஒன்றை வாசிக்கும்படி முகாமிலிருந்து வரும் மாணவியிடம் கேட்டேன். "உன் குரல்ல கேட்டா நல்லாருக்கும்மா" என்றேன். "அம்மம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்றாள். அடுத்த வாரம் அம்மம்மாவே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வடிவா எழுதியிருக்கிறியள் பிள்ளை. ஆனா, இந்தியா வரேல்லை எண்டு அழுறியள். அது வந்ததுதானே? பூப் போட்டுக் கும்பிட்டனாங்கள். பிறகு அவையளுக்குப் பயந்து குமர்ப்பிள்ளையளை ஒளிச்சு வைச்சனாங்கள்."

எனக்குப் பேச வரவில்லை. 1987இல் எனக்கு ஏழு வயது. ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொட்டலங்களைப் போட்டபோது ரேடியோவைக் கேட்டு அப்பா துள்ளிக் குதித்தார். ஜூலை 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கும் படை போனது. அக்டோபரில் புலிகளோடு போர். அந்தத் தீபாவளி நாளில் படை யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்தது. மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெண்களுக்கு நடந்ததை 'முறிந்த பனை'யில் ராஜினி திராணகம பதிவுசெய்தார். 1989 செப்டம்பரில் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 மார்ச்சில் படை திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவில்லை. இதையெல்லாம் படித்திருந்தும் 'இந்தியாவே, வா' என்று எழுதியவள் நான்.

அதே 1987 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. இந்த மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற விதி, ஜூலை 1 முதல் பிறப்பவர்களுக்கு இல்லாமல் போனது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அக்கரைத் தமிழரைக் காக்கப் படை அனுப்பிய அரசு, இக்கரையில் அவர்களுக்குப் பிறக்கவிருந்த குழந்தைகளுக்கு அதே மாதத்தில்தான் கதவைச் சாத்தியது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றம்வரை போராடி, 2024 தேர்தலில் வாக்களித்தார். என் மாணவியும் முகாமில் பிறந்தவள்தான். 2003இல் பிறந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தொப்புள்கொடி உறவு என்று சொல்லாத கட்சி இங்கே இல்லை. 2009இல் போர் முடியும்வரை தி.மு.க. மத்திய ஆட்சியில் பங்கு வகித்தது. 2019இல் ஈழ அகதிகளை விட்டுவிட்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அ.தி.மு.க. ஆதரவாக வாக்களித்தது. உலகமும் வேறுமாதிரி இல்லை. 2011இல் லிபிய மக்களைக் காக்கிறோம் என்று குண்டு போட்ட ஐரோப்பிய நாடுகள்தான், அங்கிருந்து படகேறியவர்களைக் கடலிலேயே தடுக்கப் பார்த்தன.

2021இல் அகதிகள் முகாம் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. உதவித்தொகை உயர்ந்தது, நல்லதுதான். குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000. சமைத்து, பிள்ளை வளர்த்து, தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற பெண் அந்தக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஆள்.

அம்மம்மா வந்தது கவிதைக்காக மட்டுமில்லை. பேத்தியின் மேற்படிப்பு விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தார். நாட்டினம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"ஆமியை அனுப்பேக்க எங்களிட்ட ஒரு கடுதாசியும் கேக்கேல்லை. இவளுக்கு எத்தினை கடுதாசி பிள்ளை கேக்கினம்?"

கவியரங்கத்தில் அந்தக் கவிதையை யாரும் வாசிக்கவில்லை. அதை எடுத்துவிட்டேன். அந்த வாரம் மாணவியோடு இரண்டு அலுவலகங்களுக்கு நடந்தேன். ஒன்றில் நாளை வரச் சொன்னார்கள். மறுநாளும் போனோம்.