நம் ஊர் வெள்ளைக் கல்

அரையாண்டுத் தேர்வில் மக்னீசியத்தின் நிறை எண் 24.3 என்று எழுதி நாங்கள் நால்வரும் இரண்டு மதிப்பெண் இழந்தோம். புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று சிஸ்டரிடம் வாதாடினோம். "அது அணு எடை. அரை நியூட்ரான் எங்கேயாவது உண்டா, பிள்ளைகளே?" என்று சிரித்தபடி மேசைமேல் வெள்ளைக் கல் ஒன்றை வைத்தார். நம் சேலத்து மாக்னசைட்! (அதைச் சாக்பீஸ் கல் என்றே நினைத்திருந்தோம்.)

அதிலுள்ள மக்னீசிய அணு ஒவ்வொன்றிலும் புரோட்டான்கள் 12. நியூட்ரான்களோ 12, 13 அல்லது 14. ஆகவே நிறை எண்கள் 24, 25, 26. மூன்றும் ஐசோடோப்புகள். நூறு அணுக்களில் ஏறத்தாழ 79 முதல் வகை, 10 இரண்டாவது, 11 மூன்றாவது. பெருக்கிக் கூட்டி நூறால் வகுத்தோம்: 24.32! ஆனால் அந்த எடையுள்ள அணு ஒன்றுகூட அக்கல்லில் இல்லை.

மதிப்பெண் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.