செத்த காலேஜ் நடத்தும் பாடம்

வடோதரா ரயில் நிலையத்திலிருந்து சயாஜி பாக் தோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம். விடுமுறை நாள்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் குடும்பங்கள் முதலில் மிருகக்காட்சி சாலைக்குப் போகின்றன. பிறகு அதே தோட்டத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வருகின்றன. உள்ளே நுழைந்ததும் குழந்தைகள் தேடுவது நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை. சுமார் 22 மீட்டர் நீளம். அடுத்து எகிப்திய மம்மி. பிறகுதான் மற்றவை.

பழைய சென்னைவாசிகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் அழைத்த ஊர் அது. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசிய வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்டியதிலிருந்து வந்த உறவு. பின்னர் சென்னையில் இரண்டும் பிரிந்துவிட்டன. வடோதராவில் இன்றும் ஒரே தோட்டத்தில் இருக்கின்றன. இந்த ஊர் இன்னொரு காரியமும் செய்தது. செத்த காலேஜை எப்படி நடத்துவது என்று சொல்லித்தர, 1952இல் நிஜமாகவே ஒரு கல்லூரிப் படிப்பைத் தொடங்கியது. மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை, இந்தத் துறைக்கென்றே நாட்டில் உருவான முதல் பல்கலைக்கழகத் துறை.

அது இங்கே உருவானதற்குக் காரணம் உண்டு. 1875இல் 12 வயதுக் கிராமத்துப் பையனாகத் தத்தெடுக்கப்பட்டு அரியணை ஏறியவர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட். 1906இல் சமஸ்தானம் முழுவதும் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கியவர். அவருக்கு மியூசியமும் பள்ளிக்கூடமும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். மியூசியக் கட்டடம் 1894இல் முடிந்தது. அதன் வடிவமைப்பில் பங்கு கொண்ட ராபர்ட் சிஷோமின் கைவண்ணம் தமிழர்களுக்கு அறிமுகமானதுதான். சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்து நிற்கும் செனட் ஹவுஸும் அவர் கட்டியதே. பக்கத்தில் ஓவியக்கூடம் 1914இல் தயாராகிவிட்டது. ஆனால் ஐரோப்பாவில் வாங்கிய ஓவியங்கள் முதல் உலகப் போரால் வந்து சேரவில்லை. கட்டடம் ஏழு ஆண்டுகள் காத்திருந்து 1921இல் திறக்கப்பட்டது.

சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்த 1949இலேயே பல்கலைக்கழகமும் பிறந்தது. ஹன்சா மேத்தா துணைவேந்தர். மியூசியத்தின் இயக்குநர் ஜெர்மானியக் கலை வரலாற்று அறிஞர் ஹெர்மன் கோட்ஸ். பிற்பாடு தில்லியின் தேசிய நவீனக் கலைக்கூடத்தின் பொறுப்பை ஏற்றவர். ஒரு பக்கம் பல்கலைக்கழகம், இன்னொரு பக்கம் பயிற்சிக்கு ஆயத்தமாக ஒரு முழு மியூசியம். புதிய துறைக்கு வேறென்ன வேண்டும்?

நுண்கலைப் புலத்தின் கீழ் இயங்கும் இந்தத் துறையில் முதுகலைப் படிப்பு இரண்டு ஆண்டுகள். வரலாறு படித்தவர்கள், ஓவியம் படித்தவர்கள், அறிவியல் பட்டதாரிகள் என்று பலதரப்பட்டவர்கள் சேரலாம் என்பதே இதன் தனித்தன்மை. மியூசியத்தில் இருப்பவை அப்படி. திமிங்கல எலும்பிலிருந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் எண்ணெய் கசியும். அதைப் புரிந்துகொள்ள உயிரியல் தெரிய வேண்டும். நகரின் ஒரு பகுதியாகிவிட்ட அகோட்டாவில் கிடைத்த சமண வெண்கலச் சிலைகளைக் காக்க வேதியியல் தெரிய வேண்டும். அவற்றின் காலத்தைச் சொல்ல எழுத்தும் சிற்பமும் தெரிய வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பாடங்கள் சலிப்பூட்டக்கூடும். ஒரு பானையைக் கழுத்தைப் பிடித்தோ கைப்பிடியைப் பிடித்தோ தூக்கக் கூடாது. அடியில் ஒரு கையும் பக்கத்தில் ஒரு கையும் கொடுக்க வேண்டும். பொருளின் மேல் எண் எழுதுவதற்கு முன் மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவ வேண்டும். எண்ணை நாளை அழிக்க நேர்ந்தால் பொருளில் கீறல் விழக் கூடாது. துணிக்கும் காகிதத்துக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சாதாரண அலுவலக அறையின் வெளிச்சத்தில் இது எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்று பார்வையாளர்கள் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் சிக்கனம் அல்ல. வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்பி வராது. இன்று ஒரு மணி நேரம், நாளை ஒரு மணி நேரம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

வெண்கலத்தின் எதிரி உப்பு. மண்ணுக்குள் கிடந்தபோது உள்ளே புகுந்த குளோரைடு, காற்றில் ஈரம் ஏறியதும் வேலையைத் தொடங்கும். பச்சைப் பொடி பூக்கும். துடைத்தால் மீண்டும் பூக்கும். கவனிக்காமல் விட்டால் சிலையே பொடியாகும். இந்த நோய்க்கு இந்தியாவில் முறையான வைத்தியம் பார்த்த முன்னோடிகளில் ஒருவர், 1930களில் சென்னை மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வேதியியலாளர் எஸ். பரமசிவன். அந்த ஆய்வுக்கூடத்தில் நடந்த காரியம் இன்று நாட்டின் பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான பாடம் பதிவேடு. பொருள் எங்கிருந்து வந்தது, எப்போது, யார் கொடுத்தது, என்ன அளவு, எங்கே கீறல், எந்த அலமாரி, புகைப்படம் எது. குமாஸ்தா வேலை போலத் தோன்றும். ஆனால் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர் திரும்பி வந்தது இந்தக் குமாஸ்தா வேலையால்தான். 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய அந்தச் சிலை எங்கே இருந்தது என்பதை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம் காட்டிக்கொடுத்தது. 2014இல் சிலை இந்தியா வந்தது. புகைப்படம் எடுத்து, ஊரையும் கோயிலையும் குறித்து, தேடினால் கிடைக்கும்படி வைத்த யாரோ சிலருடைய பொறுமைக்குக் கிடைத்த கூலி அது. படம் எடுக்கப்படாத சிலைகள் எத்தனையோ. அவற்றுக்கு உரிமை கோருவதற்கே வழியில்லை.

இப்படி ஒரு படிப்பு வடோதராவோடு நின்றுவிடவில்லை. கொல்கத்தா பல்கலைக்கழகம் 1959இல் தொடங்கியது. அலிகாரிலும் வாராணசியிலும் இருக்கிறது. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 1989இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம், இப்போது இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இருக்கிறது. ஆகவே, படிக்க இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் படித்து முடித்த பிறகு வருகிறது. அரசு மியூசியங்கள் பலவற்றில் காப்பாட்சியர் பதவிக்கு வரலாறோ தொல்லியலோ படித்திருந்தால் போதும்; அருங்காட்சியகவியல் பட்டம் விரும்பத்தக்க கூடுதல் தகுதி, அவ்வளவுதான். பதவி காலியானால் உடனே நிரப்பப்படுவதும் இல்லை. ஒரே அதிகாரி இரண்டு மூன்று மியூசியங்களுக்குப் 'பொறுப்பு' வகிப்பது சகஜம். பட்டம் பெற்றவர்கள் தனியார் அறக்கட்டளைகளுக்கும் ஓவியக்கூடங்களுக்கும் ஏல நிறுவனங்களுக்கும் போய்விடுகிறார்கள். குறை சொல்ல முடியாது. வாடகையும் கடனும் பதவி நிரம்பும்வரை காத்திருப்பதில்லை.

2013இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியத் தணிக்கை அறிக்கை நினைவுச் சின்னங்களையும் தொல்பொருள்களையும் ஆராய்ந்தது. மத்திய அரசின் பாதுகாப்பில் இருப்பதாகக் கருதப்பட்ட நினைவுச் சின்னங்களில் 92 இருந்த இடத்திலேயே இல்லை என்பது தலைப்புச் செய்தியானது. மியூசியங்களின் ஆவணப் பதிவு பலவீனமாக இருக்கிறது என்று அதே அறிக்கை சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. காணாமல்போன கோட்டை செய்தியாகிறது. நிரப்பப்படாத பதிவேடு செய்தியாவதில்லை. ஆனால் முன்னதற்கு வழிவிடுவதே பின்னதுதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரல் 26ஆம் தேதி அதிகாலை, தில்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 1978இல் திறக்கப்பட்டு, பல தலைமுறைப் பள்ளிக் குழந்தைகள் பார்த்துப் போன காட்சிப் பொருள்கள் சில மணி நேரத்தில் சாம்பலாயின. தீயணைப்பு ஏற்பாடு, ஆபத்து வந்தால் எதை முதலில் வெளியே எடுப்பது என்ற பட்டியல், சாவி யாரிடம் என்ற குறிப்பு — இவையெல்லாம் அருங்காட்சியகவியல் மாணவர்கள் படிக்கும் பாடங்கள்.

வடோதராவில் இந்தப் பாடத்துக்குத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சயாஜி பாக் தோட்டத்தின் ஊடே விசுவாமித்திரி ஆறு ஓடுகிறது. முதலைகள் உள்ள ஆறு. 2019இலும் 2024 ஆகஸ்டிலும் அது கரை மீறி ஊருக்குள் வந்தபோது முதலைகளும் குடியிருப்புகளுக்கு வந்தன. வனத்துறையினர் அவற்றைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டார்கள். தொலைக்காட்சிகளுக்கு நல்ல காட்சி. இப்படி ஓர் ஆற்றின் பக்கத்தில் மியூசியம் நடத்துபவர்கள் மழைக்காலம் தொடங்கும் முன்பே கவனிக்க வேண்டியவை வேறு: தரையோடு எந்தப் பெட்டி இருக்கிறது, காகிதங்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன, சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. இதைப் பார்க்கத் தெரிந்தவர்களை 1952 முதல் இந்த ஊர் உருவாக்கிக்கொண்டிருக்கிறது. அவர்களை அமர்த்துவதற்கு நாற்காலி போடுவதுதான் மிச்சம்.